நிலம் வாங்க காசு கிடைச்சுடுது, புல் வெட்டத்தான் கிடைக்க மாட்டேங்குது

எந்த ஊர் ப்ளானிங் மேப்பை எடுத்துப் பார்த்தாலும் வயல், நடைபாதை, பார்க் மூணுக்கும் பச்சை கலர்தான் அடிச்சு வச்சிருப்பாங்க. ஒண்ணு வெளிர் பச்சை, ஒண்ணு கரும்பச்சை, நடுவுல புள்ளி புள்ளியா ஒரு கோடு, அவ்வளவுதான் வித்தியாசம். பார்க்கிறவங்களுக்கும் அட இவ்வளவு பச்சை மிச்சம் இருக்கான்னு ஒரு சந்தோஷம். ஆனா அந்த மூணு பச்சையும் மூணு வேற வேற விஷயம். வயல்ங்கிறது ஒருத்தர் வேலை பார்க்கிற இடம், அவரோட பட்டறை மாதிரி. நடைபாதை, அதாவது ட்ரெயில்ங்கிறது அந்தப் பட்டறை நடுவுல ஊர்ல இருக்கிற எல்லாரும் நடந்து போறதுக்கான ஒரு உரிமை. பார்க் ஊரோட சொந்த இடம், அதுல இருக்கிற ஒவ்வொரு பெஞ்சும் குழாயும் ஊர் தலையில. இந்த மூணையும் ஒரே கமிட்டியில, ஒரே சாயங்கால மீட்டிங்ல, பல இடத்துல ஒரே பட்ஜெட் தலைப்புக்குக் கீழ வச்சுப் பேசுறாங்க, அதனாலதான் பேச்சு எப்பவும் எங்கயாவது போய் முட்டிக்குது.

எனக்கு இது பிடிபட்டது நிலத்தை ஒரு சாவிக்கொத்து மாதிரி நினைச்சுப் பார்த்தப்போதான். நிலம் வச்சிருக்கிறவர் கையில இருக்கிறது ஒத்தைச் சாவி கிடையாது. உழறதுக்கு ஒரு சாவி, விக்கிறதுக்கு ஒண்ணு, வீடு கட்ட ஒண்ணு, அடுத்தவங்க உள்ள வராம கதவைச் சாத்த ஒண்ணுன்னு ஒரு கொத்தே இருக்கு. விவசாய நிலத்தைப் பாதுகாக்கிறதுன்னா அதுல இருந்து வீடு கட்டுற சாவியை மட்டும் கழட்டி எடுத்து பூட்டி வைக்கிறது. ட்ரெயில்னா கதவு சாத்துற சாவியில ஒரு மீட்டர் ரெண்டு மீட்டர் அகலத்துக்கு மட்டும் விட்டுக்கொடுக்க வைக்கிறது. பார்க்னா மொத்தக் கொத்தையும் ஊரே வாங்கிக்கிறது, கூடவே தொடப்பத்தையும். தொடப்பத்தைப் பத்தி மட்டும் மீட்டிங்ல யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க.

முதல்ல வயல்ல இருந்து வரேன். ஏன் எப்பவும் நல்ல மண்ணே முதல்ல காணாமப் போகுதுன்னு யோசிச்சிருக்கீங்களா? விவசாயிக்கு என்ன வேணும், சமமான நிலம், பாறை தட்டாத ஆழமான மண்ணு, தண்ணி தேங்காம கீழ இறங்கணும், ரோடு பக்கத்துல இருக்கணும். பில்டரைக் கேளுங்க, வார்த்தைக்கு வார்த்தை இதையேதான் சொல்லுவார். அஸ்திவாரம் தோண்ட ஈஸி, பைப் புதைக்க ஈஸி, செப்டிக் டேங்க் தண்ணி மண்ணுல இறங்கும். அதுக்கு மேல, பாதி ஊருங்க உருவானதே நல்ல மண்ணும் தண்ணியும் இருந்த இடத்துலதான், அதனால ஊர் வீங்க ஆரம்பிச்சா முதல்ல முழுங்குறது தன்னைச் சோறு போட்டு வளர்த்த மண்ணைத்தான்.

வீடு வந்த பிறகுதான் நிலம் போகுதுன்னு நினைக்கிறோம், நிஜத்துல அதுக்கு ரொம்ப முன்னாடியே போக ஆரம்பிச்சுடுது. ரெண்டு மைல் தள்ளி ஒரு லேஅவுட் வந்துட்டா போதும், இங்க இருக்கிற விவசாயி "எப்படியும் பத்து வருஷத்துல இதுவும் பிளாட்டாத்தான் ஆகப் போகுது"ன்னு கணக்குப் போட்டுடுறார். அப்புறம் வடிகால் சரி பண்ண மாட்டார், கொட்டகைக் கூரை மாத்த மாட்டார், பத்து வருஷம் கழிச்சுக் காய்க்கிற மரம் நட மாட்டார். சுத்தி இருக்கிற நாலு பேர் விட்டுட்டா டிராக்டர் ரிப்பேர் கடைக்காரரும் இடத்தைக் காலி பண்ணுவார், மாட்டு டாக்டர் வேற பக்கம் போயிடுவார், உரம் விதை விக்கிறவர் வண்டி இந்தப் பக்கம் வராது. மிச்சம் இருக்கிற ஒருத்தருக்கு நிலம் இருக்கும், சட்டம்கூட துணைக்கு இருக்கும், ஆனா தொழில் நடத்த ஆள் இருக்காது. அதனால அங்க ஒரு துண்டு இங்க ஒரு துண்டுன்னு காப்பாத்துறதுல பெருசா பிரயோஜனம் இல்ல, ஒட்டுன மாதிரி ஒரு பெரிய பரப்பு வேணும்ங்கிறதுதான் இந்தத் துறையில இருக்கிறவங்க முதல்ல சொல்ற விஷயம்.

காப்பாத்துறதுக்கு மூணு வழி. ஒண்ணு சும்மா சட்டம் போட்டு கோடு கிழிக்கிறது. அமெரிக்காவுல ஓரிகன் மாநிலம் 1973ல, டாம் மெக்கால் கவர்னரா இருந்தப்போ, செனட் பில் 100ன்னு ஒரு சட்டம் கொண்டு வந்து ஒவ்வொரு ஊரும் தன்னைச் சுத்தி ஒரு எல்லை போடணும், அதுக்கு வெளிய நகரம் நீளக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அதே 1973ல கனடாவோட பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் விவசாய நில ரிசர்வ்னு சுமார் 47 லட்சம் ஹெக்டேரை ஒதுக்கி வச்சுச்சு, கேட்க பெருசா இருக்கும், ஆனா மலையும் காடுமா இருக்கிற அந்த மாகாணத்துல அது மொத்தப் பரப்புல 5 சதவீதம்தான். சுவிட்சர்லாந்து இன்னும் கறார், எந்தக் காலத்துலயும் சுமார் 4,38,000 ஹெக்டேர் நல்ல பயிர் நிலம் நாட்டுல இருந்தே ஆகணும்னு 1992ல இருந்து நம்பர் போட்டு வச்சிருக்காங்க, மாநிலம் வாரியா பங்கும் பிரிச்சாச்சு.

சட்ட வழியில செலவு கம்மி, ஆனா அடுத்த தேர்தல் வரைக்கும்தான் உத்தரவாதம். "என் நிலத்தோட விலையை ஒரே கையெழுத்துல குறைச்சுட்டு நஷ்டஈடும் தர மாட்டீங்களா"ன்னு நிலக்காரர் கேட்கிறதுல நியாயம் இல்லாம இல்ல. ஓரிகன்லயே அந்தக் கோபம் 2004ல வெடிச்சு, நஷ்டஈடு கொடு இல்லன்னா ரூலைத் தளர்த்துன்னு மெஷர் 37ங்கிற பேர்ல மக்களே ஓட்டுப் போட்டு பாஸ் பண்ணாங்க, அப்புறம் அதோட விளைவைப் பார்த்துட்டு 2007ல மெஷர் 49ன்னு இன்னொரு ஓட்டுல பெரும்பகுதியைத் திருப்பிக் கட்டுனாங்க. முப்பது வருஷம் நின்ன சட்டமே ஒரு நாள் ஓட்டுல இப்படி ஆடுது.

ரெண்டாவது வழி அந்த ஒரு சாவியைக் காசு கொடுத்து வாங்குறது. நியூயார்க் மாநிலத்துல சஃபோக் கவுண்டி (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) 1974ல இதுக்குச் சட்டம் போட்டுச்சு, அமெரிக்காவுல விவசாய நிலத்துக்கு இப்படி முதல்ல பண்ணது அவங்கதான். கணக்கு சிம்பிள். ஒரு நிலத்தை வீடு கட்டலாம்னா 100க்கு வாங்குவாங்க, விவசாயம் மட்டும்னா 30க்குத்தான் போகும்னு வச்சுக்கோங்க, அந்த 70 வித்தியாசத்தை ஊர் கொடுத்துடும், நிலம் அவர்கிட்டயே இருக்கும், உழலாம் விக்கலாம் பிள்ளைக்கு எழுதி வைக்கலாம், வீடு மட்டும் கட்ட முடியாது, அடுத்து வாங்குறவரும் கட்ட முடியாது. இதை எழுதி ரிஜிஸ்டர் பண்ற பத்திரத்துக்குப் பேர்தான் ஈஸ்மென்ட். நிலக்காரருக்கு கௌரவமா கைக்கு காசு வருது, ஊருக்கு நிரந்தரம். பிரச்சனை என்னன்னா நகரம் நெருங்க நெருங்க அந்த 70, 150 ஆகும், 300 ஆகும், அவசரம் அதிகமா இருக்கிற இடத்துலதான் ஊரால வாங்கவே முடியாது.

மூணாவது வழிதான் எனக்கு ரொம்ப சுவாரசியம், ஏன்னா இதுல ஊர் காசு பெருசா போகாது. வாஷிங்டன் நகரத்தை ஒட்டி இருக்கிற மேரிலாண்டோட மான்ட்கோமரி கவுண்டியில 1980ல பண்ணாங்க. அதுவரைக்கும் அங்க அஞ்சு ஏக்கருக்கு ஒரு வீடுன்னு ரூல், அஞ்சு ஏக்கர் வச்சுக்கிட்டு யார் விவசாயம் பண்ணப் போறாங்க, குதிரையும் புல்தரையுமா பங்களாதான் வரும். அதை 25 ஏக்கருக்கு ஒரு வீடுன்னு இறுக்கிட்டாங்க. நிலக்காரர் கத்துவார்ல, அதனால அஞ்சு ஏக்கருக்கு ஒண்ணுங்கிற கணக்குல அவர் கையில கட்டுமான உரிமைச் சீட்டு கொடுத்தாங்க. அந்தச் சீட்டை வச்சு அவர் வயல்ல கட்ட முடியாது, ஆனா ரயில் ஸ்டேஷன் பக்கம், டவுன் பக்கம் கட்டுற பில்டர்கிட்ட விக்கலாம், வாங்குன பில்டர் அங்க கூடுதலா வீடு போட்டுக்கலாம். அதாவது நிலம் நகராது, ஆனா அது மேல கட்டுற உரிமை நகர்ந்து போயிடுது. இப்படி 93,000 ஏக்கர், கவுண்டியோட பரப்புல மூணுல ஒரு பங்கு, அமெரிக்கத் தலைநகரத்தோட வாசல்ல இன்னும் வயலா நிக்குது. ஆனா இதுலயும் ஒரு முடிச்சு இருக்கு, சீட்டு போய் இறங்குற இடத்துல ஏற்கெனவே குடியிருக்கிறவங்க, வயலைக் காப்பாத்துங்கன்னு கையெழுத்துப் போட்டவங்களேதான், "எங்க தெருவுல எதுக்கு நாலு மாடி"ன்னு எதிர்ப்பாங்க. இறக்குற இடத்துக்கு முன்கூட்டியே சம்மதம் வாங்காம சீட்டு அச்சடிச்ச ஊர்ல அந்தச் சீட்டு பீரோவுல தூங்கிட்டு இருக்கும்.

ஒரு விஷயத்தை இங்க நேர்மையா சொல்லிடணும். வயலைக் காப்பாத்துனா வரிக் கணக்குக்கு லாபம்னு ஒரு வாதம் எல்லா மீட்டிங்லயும் வரும், விவசாய நிலத்தைக் காப்பாத்துற அமைப்பான அமெரிக்கன் ஃபார்ம்லேண்ட் டிரஸ்ட் வருஷக்கணக்கா பல ஊருக்குப் போட்ட கணக்குல இருந்து வர்ற வாதம் அது. வீடுகள்ல இருந்து வர்ற ஒவ்வொரு டாலர் வரிக்கும் ஊர் ஒரு டாலருக்கு மேல ஸ்கூல், ரோடுன்னு திருப்பிச் செலவு பண்ணுது, வயலுக்கு அதுல பாதிகூட செலவு இல்லன்னு. மாடு ஸ்கூலுக்குப் போறதில்லல்ல, கணக்கு சரிதான். ஆனா கணக்குப் போட்டவங்க வயல் பக்கம் நிக்கிறவங்க, அது அந்த வருஷத்து வரவு செலவோட ஒரு போட்டோதான், அதோட வீடே வேணாம்னு சொல்றதுக்கு இதை ஆயுதமாக்கினா ஜனங்க எங்க போய் குடியிருப்பாங்க. நான் அந்த நம்பரை அளவா எடுத்துக்கலாம்னு சொல்லுவேன்.

சரி, பத்திரம் எழுதியாச்சு, நிரந்தரம்னு போட்டாச்சு. ஆனா இருபது வருஷம் கழிச்சு புதுசா வாங்குனவருக்கு அந்தப் பத்திரத்துல என்ன இருக்குன்னே தெரியாது, எல்லையைத் தாண்டி ஒரு கார் ஷெட் போடுவார், அடுத்த வருஷம் அது பக்கத்துல ஒரு ரூம். அதனாலதான் அமெரிக்காவுல இந்தப் பத்திரங்களை வச்சிருக்கிற டிரஸ்ட்டுகளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கணும்னு ஒரு நெறிமுறை இருக்கு, ஒரு ஆள் போட்டோ ஆல்பத்தோட வந்து போன வருஷம் இங்க என்ன இருந்துச்சு இப்ப என்ன இருக்குன்னு ஒப்பிட்டுப் பார்த்து எழுதி வைக்கணும். அந்த ஆளுக்கு சம்பளம் யார் தர்றது, கோர்ட்டுக்குப் போனா வக்கீல் ஃபீஸ் யார் தர்றது, இதுக்கு பத்திரம் எழுதுற அன்னைக்கே ஒரு தொகை ஒதுக்கி வச்சாகணும். தொடப்பம் இங்கயே எட்டிப் பார்த்துடுச்சு பாருங்க, நிலம் வாங்கவே இல்ல, ஒரு சாவியை வாங்குனதுக்கே.

இன்னொரு ஓட்டையும் உண்டு. வீடு கட்ட முடியாத நிலம்னா விலை குறைவா இருக்கும், இளம் விவசாயி வாங்கிக்கலாம்னு எல்லாரும் நினைச்சாங்க. ஆனா ஏற்கெனவே ஒரு பழைய வீடு இருக்கிற பண்ணையை, அழகான வியூ இருக்கேன்னு பணக்காரங்க வாங்கி புல்தரையா வச்சுக்கிட்டாங்க, சட்டப்படி தப்பில்ல, யாரும் எதுவும் கட்டல. அதுக்குதான் மாசசூசெட்ஸ், வெர்மான்ட் மாதிரி மாநிலங்கள்ல விக்கும்போது விவசாய மதிப்புக்கே வாங்கிக்கிற உரிமை பத்திரம் வச்சிருக்கிற எங்களுக்கு உண்டுன்னு பத்திரத்துல ஒரு வரி சேர்த்தாங்க. கட்டாதேன்னு சொல்றது சுலபம், உழுன்னு சொல்றது கஷ்டம்.

இப்ப ட்ரெயில். சண்டை நிறைய நடக்கிற இடம் இதுதான், பெரும்பாலும் ஒரே ஒரு குழப்பத்தால. "என் வரிப்பணத்துல காப்பாத்துன வயல், நான் ஏன் உள்ள போய் நடக்கக்கூடாது?" ஏன்னா ஊர் வாங்குனது வீடு கட்டுற சாவியை மட்டும், கதவு சாவியை வாங்கவே இல்ல. அதுக்குத் தனியா பேசணும், தனியா காசு கொடுக்கணும். இதை முதல் மீட்டிங்லயே சத்தமா சொல்லாத ஊர்ல, பத்திரம் முடிஞ்ச அடுத்த மாசமே நாயைக் கூட்டிட்டு வயலுக்குள்ள வாக்கிங் போறவங்களும், வேலிக்குப் பூட்டு வாங்குற விவசாயியும் ஒரே நேரத்துல கிளம்பிடுவாங்க.

விவசாயி பயப்படுறது வெறும் வீம்புன்னு நினைக்க வேணாம். நாய் கழிவுல இருந்து பரவுற நியோஸ்போரான்னு ஒரு ஒட்டுண்ணி மேய்ச்சல் புல்லுல கலந்தா சினை மாட்டுக்குக் கரு கலைஞ்சுடலாம். கேட்டைத் திறந்துட்டு சாத்தாமப் போனா மாடு ரோட்டுக்கு வந்துடும். மருந்தடிக்கிற நாள்ல யாராவது குழந்தையோட வந்து நிப்பாங்க. கீரை, சாலட் மாதிரி பச்சையா சாப்பிடுற பயிர்னா சுத்தம் பத்தின ரூல் வேற. இது எல்லாத்துக்கும் மேல ஒரு பெரிய பயம், நடக்க விட்டா அது நாளைக்கு உரிமையாயிடுமோங்கிறது.

அந்தப் பயத்துக்கு ஆதாரம் இருக்கு. இங்கிலாந்துல ஒரு பாதையில ஜனங்க 20 வருஷம் தடையில்லாம, உரிமையா நினைச்சு நடந்துட்டா அது பொதுப் பாதைன்னு ஆயிடலாம், சட்டத்துலயே இருக்கு. அதனால நல்ல மனசோட போயிக்கோங்கன்னு விடுறவர்தான் மாட்டிக்குவார், முரடா விரட்டுறவர் தப்பிச்சுடுவார். இதுக்கு வழி, "என் அனுமதியோட நடக்கலாம், இது பொதுப் பாதை அல்ல"ன்னு ஒரு போர்டு, இல்லன்னா ஊரோட ஒரு எழுத்து ஒப்பந்தம். அமெரிக்காவுல 50 மாநிலத்துலயும் இன்னொரு பாதுகாப்பு இருக்கு, காசு வாங்காம நடக்க விட்ட நிலக்காரர் மேல, வேணும்னே குழி வெட்டி வச்சாத் தவிர, கால் தடுக்கி விழுந்தவர் வழக்குப் போட்டு ஜெயிக்கிறது ரொம்பக் கஷ்டம். பாதி விவசாயிங்களுக்கு இப்படி ஒரு சட்டம் இருக்கிறதே தெரியாது, மூணு பக்கத்துல எழுதிக் கொடுத்தா பல கதவு திறக்கும்னு தோணுது.

பாதை விஷயத்துல நுணுக்கமா யோசிச்சவங்கன்னா இங்கிலாந்துக்காரங்கதான். 1932 ஏப்ரல் 24ம் தேதி மான்செஸ்டர் பக்கத்து தொழிலாளிங்க சில நூறு பேர் கிண்டர் ஸ்கவுட்ங்கிற மேட்டு நிலத்துல, வேட்டைக்காக மூடி வச்சிருந்த இடத்துல, கூட்டமா ஏறி நடந்தாங்க, அஞ்சு பேர் ஜெயிலுக்குப் போனாங்க. 1949ல சட்டம் வந்து ஒவ்வொரு கவுண்டியும் தன்கிட்ட இருக்கிற நடைபாதைகளை எல்லாம் மேப்ல ஏத்தி வைக்கணும்னு ஆச்சு, அந்த மேப்ல ஏறிட்டா அதுவே சாட்சி, கோர்ட்ல வேற எதுவும் காட்ட வேணாம். இன்னைக்கு இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டும் சேர்த்து சுமார் 2,25,000 கிலோமீட்டர் இப்படிப் பாதை இருக்கு, அதுல பெரும்பகுதி யாரோ ஒருத்தரோட வயல் வழியா.

அந்த வயலும் உழணும் பாதையும் இருக்கணும், எப்படி? ரூல் அவ்வளவு குறிப்பா இருக்கு. வயல் நடுவுல குறுக்க போற பாதைன்னா விவசாயி உழலாம், ஆனா முதல் தடவை கிளறுன 14 நாளுக்குள்ள திரும்ப நடக்கிற மாதிரி மிதிச்சு, கோடு தெரிய சரி பண்ணிக் கொடுக்கணும், அதே பயிருக்கு அடுத்த தடவை கிளறுனா 24 மணி நேரம்தான் டைம். அகலம் குறைஞ்சது 1 மீட்டர், பயிர் அதுக்குள்ள சாயக்கூடாது. வயல் ஓரமா போற பாதைன்னா உழவே கூடாது, 1.5 மீட்டர் விட்டு வைக்கணும். காளைக்கும் ரூல் இருக்கு, பால் மாட்டு இனத்துக் காளை 10 மாசத்துக்கு மேல வயசுன்னா பொதுப் பாதை போற வயல்ல விடக்கூடாது, கறி இனத்துக் காளைன்னா பசுக்களோட சேர்ந்து இருந்தா பரவாயில்ல, பக்கத்துல துணை இருந்தா சாதுவா இருக்கும்போல. சிரிப்பா இருக்கும், ஆனா விவசாயிக்கும் நடக்கிறவங்களுக்கும் நடுவுல இருக்கிற சண்டையை இந்த மாதிரி மீட்டரும் மணி நேரமும்தான் தீர்த்து வைக்குது. "பரஸ்பர மரியாதையோட பயன்படுத்துவோம்"னு ப்ளான்ல ஒரு வரி எழுதி வச்சா எதுவும் நடக்காது.

ஸ்காட்லாந்து 2003ல வேற வழியில போச்சு, பொறுப்பா நடந்துக்கிட்டா பெரும்பாலான நிலத்துல எங்க வேணா போகலாம், வளர்ந்து நிக்கிற பயிர் மேல மட்டும் கூடாது, ஓரத்துல போயிக்கோன்னு. கேட்க சுகமா இருக்கு, ஆனா நிலம் பெருசு ஜனம் கம்மிங்கிற இடத்துக்குத்தான் அது சரிப்படும்னு நான் நினைக்கிறேன். சுவிட்சர்லாந்துல ஏறக்குறைய 65,000 கிலோமீட்டர் மஞ்சள் போர்டு வச்ச நடைபாதை இருக்கு, அங்க சட்டத்துல எனக்குப் பிடிச்சது ஒரே ஒரு விஷயம், ரோடு போடவோ வேற எதுக்கோ ஒரு நடைபாதையை எடுத்தா அதுக்குப் பதிலா வேற பாதை கொடுக்கணும். மூடப்பட்ட ரயில் லைன்களையும் பாதையாக்கலாம், அமெரிக்காவுல விஸ்கான்சின்ல எல்ராய்-ஸ்பார்ட்டா ட்ரெயில் 1960கள்லயே வந்துடுச்சு, ரயில் போன இடம் சமமா இருக்கும், பாலமும் சுரங்கமும் ரெடி, வயசானவங்களும் நடக்கலாம்.

பாதை போட்டதும் வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறது எவ்வளவு தப்புன்னு தெரியணும்னா மழை பெய்ஞ்ச மறுநாள் ஒரு பள்ளத்து ஓரமா போய் நில்லுங்க. பாதை நடுவுல ஒரு சின்னக் குட்டை, ரெண்டு கையால அள்ளுற அளவு தண்ணி. முதல்ல வர்றவர் ஷூ நனையக் கூடாதுன்னு இடது பக்கம் ஒரு அடி ஒதுங்கி புல்லு மேல கால் வைப்பார். அடுத்தவர் அதே இடத்துல. பத்து பேர் போனதும் அங்க புல்லு செத்து சேறாயிடும், பதினோராவது ஆள் இன்னும் ஒரு அடி தள்ளிப் போவார். ஒரு சீசன் முடியிறதுக்குள்ள ஒரு மீட்டர் பாதை நாலு மீட்டர் சேறு, பக்கத்துல பயிர் இருந்தா அது மேலயும் ஏறிடும், அப்ப விவசாயி வேலி போடுவார், அப்புறம் கடிதம், கமிட்டி, வக்கீல். ஆரம்பத்துல ஒருத்தர் மண்வெட்டியால பாதையைப் பள்ளத்துப் பக்கம் லேசா சரிச்சு விட்டு, தண்ணி வெளிய ஓட ஒரு கை அகலத்துக்கு வாய்க்கால் கீறி விட்டிருந்தா முடிஞ்சுது, அரை மணி நேர வேலை. பாதை போடுறவங்க தண்ணியைப் பத்தியே பேசிட்டு இருக்கிறது அதனாலதான், ஏத்தத்துல நேரா போடாதே, குறுக்க வளைச்சுப் போடு, சரிவு எவ்வளவோ அதுல பாதிக்கு மேல பாதையோட ஏத்தம் போகக்கூடாதுன்னு.

இங்கதான் பார்க் கதை சேருது, ஏன்னா அந்த அரை மணி நேரத்துக்கு யாரை அனுப்புறதுங்கிறதுதான் பார்க் டிபார்ட்மென்டோட வாழ்க்கையே.

நிலம் வாங்க காசு திரட்டுறதுல ஊர்க்காரங்க கெட்டிக்காரங்க, ஜனங்களும் சந்தோஷமா ஓட்டுப் போடுவாங்க. கொலராடோவுல போல்டர் நகரம் 1967லயே திறந்தவெளி நிலம் வாங்கன்னு தனியா விற்பனை வரி போட்டுக்கிச்சு, ஒரு டாலருக்கு 0.4 சென்ட். மாசசூசெட்ஸ்ல 2000ல வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு ஊர் ஓட்டெடுப்பு வச்சு சொத்து வரியில அதிகபட்சம் 3 சதவீதம் கூடுதலா வாங்கலாம், மாநிலமும் மேல கொஞ்சம் போடும், அதுல திறந்தவெளி, பழைய கட்டடங்கள், கட்டுபடியாகிற வீடு மூணுக்கும் குறைஞ்சது பத்து பத்து சதவீதம் போகணும். நல்லா யோசிச்ச சட்டம். ஆனா உள்ள ஒரு வரி இருக்கு, இந்தக் காசை அன்றாடப் பராமரிப்புக்குத் தொடக்கூடாது. நிலம் வாங்கலாம், பார்க் புதுசா அமைக்கலாம், பழசைப் புதுப்பிக்கலாம், புல்லு வெட்டக்கூடாது. அதுக்கும் காரணம் இல்லாம இல்ல, விட்டா ஏற்கெனவே கொடுத்துட்டு இருந்த சம்பளத்தை எல்லாம் இந்தக் கணக்குல தள்ளிட்டு பழைய பட்ஜெட்டைக் குறைச்சுக்குவாங்க. ஆனா விளைவு என்ன, வருஷா வருஷம் நிலம் கூடிட்டே போகும், அதைப் பார்த்துக்கிற ஆளும் மெஷினும் அதே எண்ணிக்கையில நிக்கும்.

புதுசா ஒண்ணு திறந்தா ரிப்பன் வெட்டலாம், போட்டோ வரும், ஊஞ்சல் கொக்கி மாத்துனதுக்கு யார் ரிப்பன் வெட்டுவாங்க? ஊஞ்சல் சங்கிலி மேல மாட்டுற இடத்துல ஒரு வளைஞ்ச கொக்கி இருக்கும், இரும்பு மேல இரும்பு உரசி உரசி உள்பக்கம் தேய்ஞ்சுட்டே வரும், வெளிய இருந்து பார்த்தா பெயின்ட் பளபளன்னு இருக்கும், ஏணி போட்டு ஏறி விரலால தடவிப் பார்த்தாத்தான் பாதி தேய்ஞ்சிருக்கிறது தெரியும். கொக்கி விலை ஒண்ணும் பெருசில்ல. ஏறிப் பார்க்கிற ஆளுக்குத்தான் பட்ஜெட் இல்ல. அதனால ஒரு நாள் ஒண்ணு அறுந்து விழும், இன்சூரன்ஸ்காரர் கேள்வி கேட்பார், ஊர் உடனே எல்லா ஊஞ்சல் பலகையையும் கழட்டிட்டு கம்பியை மட்டும் விட்டு வைக்கும். ஊஞ்சல் இல்லாத ஊஞ்சல் கம்பி, எத்தனை பார்க்ல பார்த்திருப்போம்.

இங்கிலாந்துல லைப்ரரி நடத்துறது உள்ளூர் நிர்வாகத்தோட சட்டக் கடமை, பார்க் நடத்துறது கடமை கிடையாது, விருப்பம் இருந்தா நடத்தலாம் அவ்வளவுதான். அதனால பட்ஜெட்டுல கத்தி இறங்குறப்போ எது முதல்ல வெட்டுப்படும்னு யாரும் ஜோசியம் பார்க்க வேணாம். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கே, 843 ஏக்கர், உலகமே போட்டோ எடுக்கிற பார்க், 1970கள்ல நகரத்துக்கு காசு முடைபட்டப்போ புல்லே இல்லாத மண் தரையும் கிறுக்கல் சுவருமாத்தான் கிடந்துச்சு. 1980ல சென்ட்ரல் பார்க் கன்சர்வன்சின்னு தனியார் அறக்கட்டளை வந்து நன்கொடை திரட்டுச்சு. ஆனா காசைவிட அங்க எனக்கு முக்கியமா படுறது பின்னாடி அவங்க பண்ண ஒரு ஏற்பாடு, மொத்த பார்க்கையும் 49 பகுதியாப் பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் இவர்தான் பொறுப்புன்னு ஒரு தோட்டக்காரரை நிறுத்துனாங்க. முன்னாடி ஒரு டீம் வந்து புல்லு வெட்டும், இன்னொரு டீம் குப்பை எடுக்கும், பெஞ்ச் உடைஞ்சா அது யார் வேலைன்னு யாருக்கும் தெரியாது. இப்ப அந்தப் பெஞ்சுக்கு ஒரு ஆள் இருக்கு. சுத்தி கோடீஸ்வரங்க குடியிருக்கிற பார்க்குக்கு நன்கொடை வரும், ஏழைங்க தெருவுல இருக்கிற பார்க்குக்கு எங்க இருந்து வரும்ங்கிற கேள்வி நியாயமானது, நன்கொடை மாடலை எல்லா ஊருக்கும் தூக்கிட்டுப் போக முடியாது. ஆனா பகுதி பிரிச்சு ஆள் போடுறதுக்கு கோடீஸ்வரங்க தேவையில்லயே.

ப்ளான் எழுதுறவங்க வரிசையை மாத்துனாலே நிறைய சரியாகும்னு எனக்குத் தோணும். பொதுவா பார்க்ல ஆரம்பிப்பாங்க, ஏன்னா அதுலதான் எல்லாருக்கும் கருத்து இருக்கு. முதல்ல மண் மேப்பை எடுத்து விரிக்கணும், எந்த மண்ணு போனா திரும்ப வராதுன்னு பார்த்து அதைச் சுத்திக் கோடு போடணும். ரெண்டாவது, வீடு எங்க வரலாம்னு சொல்லணும், வேணாம்னு மட்டும் சொல்ற ப்ளான் நிக்காது. அதுக்கப்புறம் பாதை, முடிஞ்சவரைக்கும் வயல் ஓரமா, வாய்க்கால் கரை, பழைய ரயில் லைன் மாதிரி யாரோட வேலையையும் கெடுக்காத இடத்துல, வேற வழியே இல்லன்னாத்தான் குறுக்க. எந்தப் பாதைக்கு எந்தப் பத்திரம், எந்த மாசத்துல மூடலாம், கேட்டை யார் ரிப்பேர் பண்றதுன்னு கூடவே எழுதணும். கடைசியா புது பார்க், அதுவும் ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ரெண்டு நம்பர், அமைக்க எவ்வளவு, வருஷத்துக்கு பார்த்துக்க எவ்வளவு. ரெண்டாவது நம்பருக்கு எங்க இருந்து காசுன்னு எழுத முடியலன்னா அந்த பார்க்கை அழிச்சுட்டு, இருக்கிற பார்க்ல ஊஞ்சல் கொக்கியை மாத்துங்க.

இந்த ரெண்டாவது நம்பரை முன்கூட்டியே எழுதுன ஊர்னு எனக்குத் தெரிஞ்சு நல்ல உதாரணம் இங்கிலாந்துல மில்டன் கீன்ஸ். அங்க பார்க்குகளை நகராட்சி பட்ஜெட்டுல விட்டா என்ன ஆகும்னு தெரிஞ்சே 1992ல தனியா ஒரு பார்க்ஸ் டிரஸ்ட் ஆரம்பிச்சு பச்சை நிலத்தை எல்லாம் அதுகிட்ட கொடுத்தாங்க, கூடவே சுமார் 2 கோடி பவுண்ட் மதிப்புக்கு கடை, கட்டடம்னு வாடகை வர்ற சொத்தும். வாடகையில புல்லு வெட்டுறாங்க, மரம் கழிக்கிறாங்க, ஏரிக்கரை பார்த்துக்கிறாங்க, எந்தத் தேர்தல் வந்தாலும் அந்த வாடகை மாசம் பிறந்தா வந்துடும். நிலத்தைக் கொடுத்தது 999 வருஷக் குத்தகைக்கு, அதுல இப்ப முடிஞ்சிருக்கிறது முப்பத்துச் சொச்சம் வருஷம்தான்.